ஒரே வலை, இரண்டு வாசல்

எங்கள் ஏரியில் முறைவைத்துத்தான் மீன் பிடிப்போம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வரும் நாளில் தனி ஆளாக வலை கட்டி மாளாது. அதனால் நானும் என் தங்கையின் வீட்டுக்காரரும் ஆளுக்குப் பாதி வலை கொண்டுவந்து, ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொள்வோம். போன புயலில் அந்த வலை நார்நாராகிவிட்டது.

நிவாரணத்துக்குச் சேதம் பார்க்க அதிகாரி வந்தார். வேண்டுமென்றே பொய் சொன்னால் பெயரை அடித்துவிடுவோம், அடுத்த புயலுக்கும் கிடையாது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். காலையில் என் வாசலில் வலையைப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு அதே வலையைத் தூக்கிப்போய் மச்சான் வாசலில் போட்டோம். அவர் பாதியையும் காட்ட வேண்டுமே.

"இத காலையில அந்த வீட்ல பாத்தேனே?" என்றார் அதிகாரி.

மச்சான் வாய் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "அது சாமி சார். வூடு வூடா ஊர்வலம் போவுது!"

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. மச்சான் பெயரை அடித்தார். முதலில் காட்டியவன் என்பதால் என் பெயர் தப்பியது. அடுத்த பாடு வந்தால் மச்சான் எதைக் கட்டுவார்?

மறுநாள் தாலுக்கா ஆபீசுக்குப் போய், வலை ஆளுக்குப் பாதி, நான் சொன்னது தமாஷ் என்றேன்.

"அப்போ ரெண்டு பேரு பணத்தையும் நிறுத்தி வெச்சுட்டு, மறுபடி வந்து பாக்கணும். எழுதித் தர்றியா?" என்றார் அதிகாரி.

ஊரைச் சிரிக்கவைக்க ஒரு நொடிகூட யோசிக்காத நான் இதற்கு யோசித்தேன். "வூட்ல கேட்டுட்டு வர்றேன் சார்."

மச்சானிடம், அதிகாரி ஆபீசில் இல்லை என்றேன். இந்த விவகாரத்தில் வேண்டுமென்றே சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"வுடு மச்சான், உனக்காவது வரட்டும். அதுல வலை வாங்கி ரெண்டு பேருமே போவலாம்" என்றவர், எனக்கும் சோறு போடச் சொன்னார்.

கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னேன். "ஆபீசர் இருந்தாரு. நாந்தான் எழுதித் தரல."

தங்கை கரண்டியோடு நின்றாள். "ஊருக்கே வாய் கிழியப் பேசுவியே, அங்க மட்டும் இன்னா அடைச்சிகிச்சா?"

மச்சான் சட்டையை மாட்டினார். "துன்னு முடி, பஸ்ஸு போயிடும். அங்க வந்து ஒண்ணும் பேசாத. கையெழுத்து மட்டும் போடு."

போட்டேன். இரண்டு பெயரும் நிறுத்திவைப்பில் இருக்கின்றன. அதிகாரி இன்னும் வரவில்லை. மச்சான் வழக்கம்போலத்தான் பேசுகிறார். நான்தான் அவர் தோளைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.