நானாவின் பெட்டியில் இரைச்சல்

கடலுக்குப் போய்த் திரும்பாமல் மவுத்தாவதற்கு முன் என் மூத்த சகோதரர் நானா போனில் அனுப்பிய குரல் ஒன்றுதான் எங்களிடம் மிச்சம். உம்மாவுக்குக் காது மந்தம். நானாவே செய்த எம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டால்தான் அவருக்குக் கேட்கும். மழை நின்று மணல் காய்ந்த பிறகு பெட்டி உறுமத் தொடங்கி, அந்தக் குரலை மூடிவிட்டது.

பிளக்கைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே எல்லாம் நானா ஈயம் உருக்கி ஒட்டிய இடங்கள். ஒன்றைப் பிழையாகச் சுட்டாலும் பெட்டி போய்விடும். ஈயம் உருக்கும் ஈயக்கோலைச் சூடாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்தேன்.

"என்ன மகன் தேடுற?"

"இரையிது உம்மா. எங்க பிழையெண்டு தெரியல்ல," என்று காதருகே கத்தினேன்.

"கம்பிக்குத் தண்ணி ஊத்தினியா?"

"எந்தக் கம்பி?"

"பெட்டியில இருந்து போய் வெளிய மணல்ல அடிச்ச எர்த் கம்பி. உன்ட நானா ஒவ்வொரு நாளும் உப்புத் தண்ணி ஊத்துவான். கம்பி முளைக்கவா போகுதெண்டு நான் ஏசுவன்."

ஈயக்கோலை வைத்துவிட்டு ஓடினேன். ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றினேன். மணல் முழுவதையும் குடித்தது. திரும்பி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளக்கைக் குத்தினேன். ஈர மணலில் எர்த் பிடித்து உறுமல் அடங்கியிருந்தது. போனில் இருந்த குரலைப் போட்டேன்.

"உம்மா, எனக்குச் சோத்துக்குக் கொஞ்சம் மீன் ஆணம் எடுத்து வைங்க," என்றார் நானா.

உம்மா ஸ்பீக்கர் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"நாளைக்கும் ஊத்து மகன்."