சுண்டுவிரல் மேடம்

மேடம் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, சக்கரமில்லாத ஒரு குட்டை முக்காலியைத் தூக்கிக்கொண்டு, புரோகிராமர் ஒருவரின் இடது பக்கமாகப் போய் உட்கார்கிறார். சக்கரம் வைத்த நாற்காலி கிறீச்சிடும். கிறீச்சிட்டால் ஆள் உஷாராகிவிடுவார். உஷாரான ஆளின் கை இயல்பாக ஓடாது. பத்து நிமிடத்தில் அந்தப் புரோகிராமர் இப்படி ஒருத்தர் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் இவருக்கு வேலை. திரையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எதிராளியின் இடது கைச் சுண்டுவிரலையே பார்க்கிறார். அப்போது தன்னுடைய இடது சுண்டுவிரலை வலது கைக்குள் இறுகப் பிடித்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"திரையைப் பாக்க ஊரே இருக்கு. விரலைப் பாக்க நான் ஒருத்திதானே இருக்கேன்" என்பார்.

சுண்டுவிரல் மேடம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புரோகிராம் எழுதும் எடிட்டரில் நீங்கள் ஒரு வரியைத் திருத்தினால், அப்படியானால் வேறோர் இடத்தில் இருக்கும் இந்த வரியையும் இப்படி மாற்றிவிடலாமே என்று மங்கலான எழுத்தில் எடிட்டரே ஒரு யோசனை சொல்லும். டேப் விசையைத் தட்டினால் மாறிவிடும். எஸ்கேப் விசையைத் தட்டினால் யோசனை மறைந்துவிடும். யோசனையைக் கண்டுபிடிப்பது வேறு ஆட்களின் பாடு. அதை எப்போது, எங்கே, எப்படிக் காட்டுவது என்று தீர்மானிப்பவர் இவர். டேப் விசை இருப்பது இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். நான் அடுத்த மேசையில் உட்கார்ந்து இதற்கெல்லாம் உதவிக் குறிப்பு எழுதுகிறவன். ஒருவரும் படிப்பதில்லை, அது வேறு சோகம்.

இவருடைய வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். ஒருமுறை அலுவலக வாசலில் காத்திருந்தபோது என்னிடம் அலுத்துக்கொண்டார்: "சார், அடுத்தவங்க முடிக்காததை முடிச்சு வைக்கத்தான் இவளுக்குச் சம்பளம். வீட்டுல இவ பேச ஆரம்பிச்சதை நான் முடிச்சா மட்டும் மூணு நாளைக்குப் பேச்சு கிடையாது." மேடம் சிரிக்காமல் பதில் சொன்னார்: "முடிங்க. ஆனா நான் மூச்சு விடுறப்ப முடிங்க. நடுவுல பாயாதீங்க."

இந்த மூச்சு விடும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். அதில் அவர் ஒருமுறை கோட்டை விட்டார்.

அவருடைய தங்கையும் புரோகிராமர். ஒரு மருத்துவமனைக்காக, பச்சைக் குழந்தைகளுக்கு மருந்தின் அளவைக் கணக்கிடும் புரோகிராமைப் பராமரிக்கிறார். அக்கா செய்தது என்பதற்காகவே இந்த வசதியை முதல் நாளிலிருந்து வைத்திருந்தவர். ஒரு நாள், எடை என்று இருந்த ஓரிடத்தை இன்றைய எடை என்று திருத்தினார். மற்ற இடங்களையும் மாற்றலாமே என்றது எடிட்டர். டேப், டேப், டேப். மூன்றும் சரி. மூன்று சரியாக இருந்ததால் நான்காவதும் சரியாகத்தான் இருக்கும் என்று விரலே முடிவு செய்துவிட்டது. நான்காவது, திரைக்கு வெளியே, கீழே இருந்தது. முதல் வாரத்து மருந்துக்கு அங்கே வேண்டியது பிறந்தபோது இருந்த எடை.

நல்லவேளை, சோதனைக்காகக் கணினியில் பதிந்து வைத்த பொய்க் குழந்தையின் கணக்கிலேயே ஒரு செவிலியர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்கை அன்றே அந்த வசதியை அணைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தார். திட்டவில்லை. "நீ செஞ்சதுன்னு நம்பி அமுக்கிட்டேன்கா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு இரண்டு மாதம், அம்மாவை யார் டாக்டரிடம் கூட்டிப்போவது என்பதைத் தவிர இருவருக்கும் பேச்சில்லை.

அந்த இரண்டு மாதமும் மேடம் முக்காலியும் கையுமாகவே அலைந்தார். பிறகு ஒரு மாற்றம் கொண்டுவந்தார். திருத்த வேண்டிய இடம் கண்ணெதிரில் இல்லையென்றால், முதல் தட்டு எதையும் மாற்றாது. ஆளை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தும், அவ்வளவுதான். பழைய வரியும் புதிய வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். இரண்டாவது தட்டில்தான் மாறும். அதுவும் முதல் தட்டோடு சேர்ந்து ஓடுகிற வேகத்தில் விழுந்த தட்டு கணக்கில் வராது.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு தட்டுல முடியறதை ரெண்டு தட்டு ஆக்கிட்டீங்களேம்மா. வேணாம்னு அணைச்சவங்கள்ல ஒருத்தராவது இதுக்காகத் திரும்பி வருவாங்களா?"

"வந்தா?"

"வந்தா வச்சுக்கலாம். வரலேன்னா பழையபடியே போயிடலாம்."

வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். இவர் நேரே தங்கையைக் கேட்டார். அரை மணி நேரம் மட்டும் போட்டுப் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு தங்கை சம்மதித்தார். போன புதன்கிழமை மதியம், குறிப்பு எழுத வேண்டும் என்ற சாக்கில் நானும் கூடப் போனேன்.

தங்கையின் அறையில் ஒரு ஜன்னல், இரண்டு திரைகள், மூடி தொலைந்த ஒரு தண்ணீர் பாட்டில். "உக்காரு" என்றார் அக்காவைப் பார்க்காமல். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு இடது பக்கமாக உட்கார்ந்தார். தங்கை வேண்டுமென்றே அதே புரோகிராமின் பழைய பிரதியைத் திறந்தார். அதே இடத்தில் அதே திருத்தம். டேப், டேப், டேப்.

நான்காவது தட்டுக்குத் திரை கீழே இறங்கி நின்றது. எதுவும் மாறவில்லை. தங்கையின் விரல் ஐந்தாவது முறை டேப் மேல் வந்து, அப்படியே நின்றது. வாய்க்குள்ளேயே அந்த வரியைப் படித்தார். யோசனை இப்போதும் தப்புதான். எடிட்டருக்குக் குழந்தையைப் பற்றி என்ன தெரியும்?

"இது பிறந்த எடை. இது வேணாம்" என்று சொல்லி எஸ்கேப்பைத் தட்டினார்.

தான் காட்டிய யோசனையை ஒருத்தர் தள்ளியதற்காக ஒரு முகம் இவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. தங்கை அடுத்த வரிக்குப் போனார். அரை மணி தாண்டி முக்கால் மணியும் ஆனது. நாங்கள் எழுந்தபோது தங்கை அணைக்கும் பொத்தானைத் தேடவில்லை.

"இது இருக்கட்டும்கா" என்றார். "ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட ரெண்டு பேருமே போலாம்."

மேடம் வலது கையை மெல்லத் திறந்தார். அதற்குள் அத்தனை நேரமும் சிவக்கச் சிவக்கப் பிடித்து வைத்திருந்த தன் சுண்டுவிரலை இரண்டு முறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.