காலி காம்பராக்களைக் காப்பாற்றியவர்

பதுளையிலிருந்து வந்த கம்பியூட்டர் மாஸ்டர் எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகுதான் உட்கார்ந்தார். ஆள் எப்படி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தேயிலை ஃபேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே என் ஆயுசில் பாதி போனது. மெஷினைப் பார்க்கும் முன்னால் தன் கையைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர்மார் எத்தனையோ பேர் வந்து போனார்கள். அதில் ஒருவன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரோலரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு இறக்கினான். புதுசு வாசலுக்குள் நுழையவில்லை. சுவரை இடித்தார்கள். அது முடியும்வரை பறித்த கொழுந்தெல்லாம் வாட்டுத் தட்டிலேயே கிடந்து நாறியது. அவனைத் தோட்டத்து மேனேஜர் துரை கண்டித்ததாகக் கேள்விப்படவில்லை. புதுசு கொண்டுவருகிறவனை யாரும் கண்டிக்க மாட்டார்கள்.

கம்பியூட்டர் கதைக்கு வருகிறேன்.

அதற்குள் என் பெண்சாதி இருந்தாள். செத்துப் போனவள்தான். உயிரோடு இருந்தபோது அவளை யாரும் போட்டோக்கூட ஒழுங்காகப் பிடித்ததில்லை. கேமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். கொழும்பில் உடுப்புக்கடையில் வேலை செய்கிற என் மகள் ஒரு தீபாவளிக்கு வந்தபோது, தாய்க்குத் தெரியாமல் ஃபோனில் வீடியோ பிடித்தாள். அதில் அவள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை நான் அரிசி டின் மேல் வைத்துவிட்டேனாம், அதற்கு. எங்கள் லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கிற ஒற்றையறை வீடுகள், அந்த அறைதான் காம்பரா. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரைக்கும் போகாது. அதனால் அவள் திட்டினால் கடைசிக் காம்பராக்காரனும் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டில் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அவள் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த வீடியோ ஒன்றுதான். மகளுடைய ஃபோன் தண்ணீர் வாளியில் விழுந்து செத்தது. நல்லவேளையாக அதற்கு முன்பே வாசிகசாலைக் கம்பியூட்டரில் ஏற்றி வைத்திருந்தோம்.

கம்பியூட்டரை யாரோ புண்ணியவான் தானமாகக் கொடுத்தார். அதில் ஓடியது லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டம். உலகத்தில் யார் யாரோ சும்மா செய்து சும்மா கொடுப்பதாம். சும்மா கிடைத்ததைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லுவேன்.

அதை அமைத்துக் கொடுத்தது அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு டீச்சர். குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று லயத்துக் காம்பரா மாதிரி வரிசையாகச் செய்து, அவரவர் சாமானை அவரவர் காம்பராவில் வையுங்கள் என்றார். ஒருவரும் வைக்கவில்லை. ஏன் வைக்கப் போகிறார்கள்? எங்கள் காம்பரா எங்களுடையதா? தோட்டத்துக்குச் சொந்தம். காற்றுக் காலத்தில் தகரம் பறக்கும். மழை இறுகினால் மண் சரியப் போகிறது, ஓடுங்கள் என்பார்கள். அதனால் எங்கள் ஆட்கள் நல்ல சாமானைத் தங்கள் காம்பராவில் வைக்கிறதில்லை. பிறப்புப் பத்திரம், தோடு, கலியாணச் சேலை எல்லாம் மாரியம்மன் கோயிலின் பின்னறையில் இருக்கிற ஒரே இரும்புப் பெட்டியில்தான். சாவி பூசாரியிடம். இன்றைக்குவரை ஒரு ஊசிகூடத் தொலைந்ததில்லை.

கம்பியூட்டரிலும் அப்படி ஒரு பெட்டி வேண்டும் என்று எல்லோரும் டீச்சரைப் பிடித்துக்கொண்டோம். அவர் முதலில் மாட்டேன் என்றார். பிறகு பெண்கள் தொல்லை தாங்காமல், காம்பரா வரிசைக்கு வெளியே, சிஸ்டம் இருக்கிற இடத்திலேயே ஒரு ஃபோல்டர் செய்து அதற்குக் கோயில் பெட்டி என்று பெயர் வைத்தார். கலியாணம், காதுகுத்து, ஆடு குட்டி போட்டது, என் பெண்சாதி திட்டியது, எல்லாம் அதற்குள் போயின. டீச்சர் கலியாணம் கட்டி ஹட்டன் பக்கம் போய்விட்டார்.

டிஸ்கை அவர் இரண்டாகப் பிரித்திருந்தாராம். சிஸ்டத்துக்குச் சின்னப் பங்கு, காம்பராக்களுக்குப் பெரிய பங்கு. பெரிய பங்கில் காற்றுதான் வீசியது. சின்னப் பங்கில் தோட்டமே ஏறி உட்கார்ந்திருந்தது. இது எங்களுக்குத் தெரியாது.

ஒருநாள் திரையில், புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றவா என்று கேட்டது. வாசிகசாலைத் தலைவர் சரி என்று அழுத்தினார். தலைவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். சட்டையை உள்ளே விட்டவன் யார் எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்றே சொல்லித் தலைவரானவர். மெஷின் காலையிலிருந்து மென்றுகொண்டே இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. பழையதும் இல்லை, புதுசும் இல்லை. அணைத்துப் போட்டால் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். இடம் இருக்கிறதா என்று சோற்றுப் பானையைக்கூடப் பார்த்துவிட்டுத்தான் அரிசி போடுவார்கள். பாதியில் வந்து இடமில்லை என்கிற புத்தி அந்தச் சும்மா கொடுக்கிற சீமான்களுக்குத்தான் வரும்.

அதற்காக வந்தவர்தான் இந்த மாஸ்டர். பதுளையில் வகுப்பு நடத்துகிறவர். பசறை பஸ்ஸின் குலுக்கலைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, முன்பு தனித்தனியாக இருந்த சில ஃபோல்டர்களைப் புதுப் பதிப்பில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள், அந்த மாற்றம் பாதியில் நிற்பதால் ஒன்றும் ஓடாது என்று விளக்கினார். எங்கள் லயத்தில் ஒருத்தன் நடுச்சுவரை உடைத்து இரண்டு காம்பராவை ஒன்றாக்கியதற்கு வேலையே போனது. இவர்களைக் கேட்க ஒரு துரை இல்லை.

அவருக்குத் தேத்தண்ணி வாங்க என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். நான் இல்லாதபோது, சாமான் எல்லாம் அவரவர் ஃபோல்டரில்தானே என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். தலைவர் "ஆமாங்க" என்றிருக்கிறார். சிஸ்டம் பங்கைத் துப்புரவாக அழித்துப் புதுசு போட்டுவிட்டார்.

நான் வந்தபோது திரை பளபளவென்று இருந்தது. மாஸ்டர் சீனி காணாது என்று முகம் சுளித்துக்கொண்டே காம்பராக்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

"பாருங்க ஐயா, ஒண்ணுகூடப் போகல."

எல்லாம் காலி. வெறும் காம்பராக்களை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியிருந்தார்.

"பெட்டி எங்க மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"எந்தப் பெட்டி?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. அங்கேயெல்லாம் யாராவது சாமான் வைப்பார்களா, படிக்காத ஆட்களோடு இதுதான் கரச்சல் என்றார். பக்கத்துக் காம்பராக்காரி, மகனுடைய கலியாணத்தை அந்தப் பெட்டியில் வைத்திருந்தவள், வாசலில் நின்றிருந்தாள்.

"நாற்காலியத் தொடச்சுப் பாத்து ஒக்காந்தீங்க. அந்தப் பொட்டியத் தொடைக்கிறதுக்கு முன்ன உள்ளுக்குப் பாத்தீங்களா?"

மாஸ்டர் மெஷினை உடனே அணைத்தார். மேலே எதுவும் எழுதாமல் இருந்தால் கொஞ்சம் மீட்கலாம் என்று டிஸ்கைக் கழற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார். வீட்டுக்கு வந்து அரிசி டின்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சொன்ன வார்த்தை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. குரல் வரவில்லை. என் வாய் சொல்கிற மாதிரியே கேட்டது.

அடுத்த வாரம் வந்தார். கைக்குட்டையை எடுக்காமல் உட்கார்ந்தார். மீண்டு வந்ததில் ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாம் நம்பர்தான். ஒவ்வொன்றாகத் திறக்க, இது எங்களுடையது, அது உங்களுடையது என்று வாசிகசாலை நிறைய ஆட்கள் சத்தம் போட்டார்கள். ஓர் ஆட்டுக்கு இரண்டு குடும்பம் சண்டை பிடித்தது. கலியாணம் தாலி கட்டுவதற்கு முந்தியே நின்றுவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி, பேரன் பள்ளிக்கூடம் போகிறான், கட்டினதற்கு அதுவே சாட்சி என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றாள்.

பிறகு ஒன்றைத் திறந்தார். படம் இல்லை. பச்சைப் பச்சையாகக் கோடு. உள்ளே இருந்து அவள்.

"எத எங்க வைக்கணும்னு இந்த மனுசனுக்கு சாகுற வரைக்கும் தெரியப் போறதில்ல. அரிசி டின் மேலயா கத்திய வைப்பாங்க? பக்கத்துக் காம்பராப் புள்ள எட்டி எடுத்தான்னா..."

அதோடு நின்றது.

"படம் போச்சு ஐயா, சத்தமும் பாதிதான்," என்றார் மாஸ்டர். "இதுல ஒண்ணும் இல்ல. அழிச்சிரவா?"

"கைய எடுங்க மாஸ்டர்."

எடுத்தார். இதை இனியாவது உங்கள் குடும்ப ஃபோல்டரில் போடட்டுமா என்று கேட்டார். தலைவர் ஆமாங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச காலத்தில் மறுபடி ஒரு புதுசு வரும். மறுபடி ஒரு தலைவர் சரி என்று அழுத்துவார். பெட்டியை நம்பியது போதும். என் காம்பரா ஒன்றை மட்டும் நம்பவும் நான் தயாராக இல்லை.

"வரிசையா காலிக் காம்பரா இருக்குல்ல," என்றேன். "எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு போடுங்க."

"எல்லா வீட்டு ஃபோல்டர்லயுமா? அவங்க சம்மதிக்கணுமே ஐயா."

பக்கத்துக் காம்பராக்காரி வாசலிலிருந்து சொன்னாள்.

"போடுங்க. சுவருக்கு மேலால எத்தன வருசம் கேட்டோம். புதுசா என்ன?"

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். இப்போது தோட்டத்தில் யார் தன் காம்பராவைத் திறந்தாலும் முதலில் என் பெண்சாதிதான் இருக்கிறாள். தலைவர் தன்னுடையதைத் திறந்து தெரியாமல் அமுக்கி அவள் திட்டுவதைக் கேட்டுவிட்டு, கத்தியை இப்போது எங்கே வைக்கிறீர்கள் என்று என்னையே வந்து கேட்கிறார்.