நெல் அறைக்குள் ஒரு சர்வர்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் வேலை பார்க்கிறவன் வீட்டு மெஷின்தான் ஊரிலேயே அதிக நாள் படுத்துக் கிடக்கும். இது எங்கள் தொழிலின் முதல் விதி. கடைக்கு வரும் வாடிக்கையாளர் திட்டிவிட்டுப் போய்விடுவார். வீட்டு வாடிக்கையாளர் திட்டிக்கொண்டே நமக்குச் சோறும் போடுவார். அங்கே வாயைத் திறக்க முடியுமா?

வீட்டில் சர்வர் வைத்திருக்கும் சக பாவிகளுக்கு நான் சொல்ல வருவது இப்போதே புரிந்திருக்கும். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: சர்வர் என்பது அணைக்கவே கூடாத ஒரு கம்ப்யூட்டர். வீட்டுப் படம், வீடியோ எல்லாம் அதன் வயிற்றில் கிடக்கும். கூடத்து டிவி கேட்டால் எடுத்துக் கொடுக்கும். கடல் தாண்டி இருக்கிறவர் அனுப்பினால் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த எங்கள் வீட்டில் அப்படி ஒன்றைக் கட்டி, ரிப்பேர் பார்த்து, பெரிசாக்கி, மறுபடியும் ரிப்பேர் பார்த்தேன். ஏன் கட்டினேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வந்திருந்த விருந்தாளி

அண்ணன் குவைத்துக்குப் போனபோது அவன் மகள் ஜெனி, அண்ணியின் வயிற்றில் இருந்தாள். அங்கே அவனுக்கு ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை. முதல் லீவுக்கு வந்தபோது அவள் நன்றாகப் பேசவே ஆரம்பித்திருந்தாள். பெட்டி நிறைய பொம்மை, சாக்லேட்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், அவன் கைக்கு மட்டும் வரவில்லை. அவன் கூடத்துக்கு வந்தால் இவள் நெல் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அண்ணனும் பெரிய மனசோடு, "பழகிடுவா, பழகிடுவா" என்று எல்லாரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். ஜெனி தன் அம்மா காதில் ரகசியம் சொன்னாள். அந்த வயசில் ரகசியம் என்றால் தெருமுனை வரைக்கும் கேட்கும்: "அம்மா, இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?"

சீர்வரிசை

அண்ணன் போனதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனிடம் பேசினேன். ஜெனி விழித்திருக்கிற நேரம் அவன் அடுப்படியில் நிற்கிறான். அவன் ரூமுக்கு வருகிற நேரம் இவள் தூங்கிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அங்கே நெட்டு இழுக்காது, அவன் முகம் பாதிக் கொட்டாவியில் அப்படியே நிற்கும். "நேரடியா லைன்ல பேச வேணாம். நீ கதை சொல்லி ரெக்கார்டு பண்ணி அனுப்பு, நான் தினம் டிவியில போட்டுக் காட்டுறேன்" என்றேன். சின்ன வயசில் எங்கள் இருவருக்கும் சாப்பாட்டுத் தட்டோடு சேர்ந்து வந்த கதைகள்தான். அவனுக்கு ஒன்றும் மறக்கவில்லை.

வைப்பதற்கு ஒரு மெஷின் வேண்டுமே. கடையில் செத்துப்போன கம்ப்யூட்டர்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. ஒன்றிலிருந்து போர்டு, ஒன்றிலிருந்து மெமரி, பக்கத்து மூடி இல்லாத ஒரு கேபினட், முனகுகிற ஒரு ஹார்டு டிஸ்க். தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கடை முதலாளி சேகர் அண்ணன் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்: "நல்லா இருப்பே ஜோசப்பு. ஆனா பொண்ணைத் திருப்பி அனுப்புற மாதிரி இதைத் திரும்பக் கொண்டாந்து விட்டுடாதே."

அம்மாவின் இரக்கம்

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் நெல் அறை. அங்கே ஒரு பலகை அடித்து, அதன்மேல் சர்வரை வைத்தேன். அண்ணன் கதைகள் வர ஆரம்பித்தன. கட்டில்மேல் உட்கார்ந்து, போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு சொல்வான். ஜெனி பார்ப்பாள். ஆனால் வாரத்தில் பாதி நாள் டிவியில் ஒன்றும் வராது. போய்ப் பார்த்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்.

எங்கள் அம்மா சர்ச்சில் பூசைக்குப் போனாலும், ரேஷனுக்குப் போனாலும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாலும் வீட்டு சுவிட்ச் அத்தனையும் அணைத்துவிட்டுத்தான் படி இறங்கும். சுவிட்சின்மேல் டேப் ஒட்டினேன். மெயினையே அணைத்தது. பேட்டரி வாங்கி வைத்தேன். கரண்டு போனதும் அது 'பீப் பீப்' என்று கத்த, பாவம் என்று அம்மா அதன் வயரையும் பிடுங்கி வைத்தது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் குரல் உயர்த்திவிட்டேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "உழவு மாட்டைக்கூட மத்தியானம் அவுத்து விடுவோம். நீ என்னடா, வாயில்லா ஜீவனை ராப்பகலா ஓட்டுறே!"

முளைப்பு

ஐப்பசி அடைமழை. அப்பாவுக்கு இரண்டாம் போகமான தாளடியின் நாற்றங்காலுக்கு விதை விட வேண்டும். விதை நெல்லை ஊற வைத்து, சாக்கில் கட்டி, கதகதப்பில் வைத்தால்தான் முளை கட்டும். வெயிலோ எட்டிப் பார்க்கவில்லை. விதை தேறுமா என்று பார்க்க, ஒரு கைப்பிடி நெல்லை ஈரத்துணியில் முடிந்துகொண்டு வெதுவெதுப்பான இடம் தேடியிருக்கிறார். நெல் அறையில் என்னுடைய சர்வர் அடைகோழி மாதிரி சூடாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு விவசாயிக்கு என்ன வேண்டும்? மேலே வைத்து, சூடு தப்பிவிடக் கூடாதென்று ஒரு கோணிச்சாக்கையும் போர்த்தி, வேளாவேளைக்குத் தண்ணீரும் தெளித்திருக்கிறார்.

நான் கடையிலிருந்து வந்தபோது மூடி இல்லாத பக்கம் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போர்டு கருகிவிட்டது, டிஸ்க்கு மூச்சே விடவில்லை. அண்ணன் கதைகள் அத்தனையும் போச்சு. அவன் போனில் இடம் போதாமல், "நீதான் வச்சிருக்கியே" என்று அனுப்பி முடித்த கையோடு அழித்துவிடுவான். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்பா பக்கத்தில் குந்தி, முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளை வெளேரென்று முளை. அவருக்கு அவர் கவலை: "மெஷினை விடு, வாங்கிக்கலாம். இங்க பாருடா, ஒண்ணுகூடப் பழுதில்ல!"

நரியின் செருப்பு

சேகர் அண்ணன் பழைய போர்டு ஒன்றைத் தந்தார். இந்தத் தடவை டிஸ்க் புதுசு, அதுவும் இரண்டு: ஒன்று செத்தாலும் மற்றொன்றில் எல்லாம் இருக்கும்படி. மூடி உள்ள கேபினட். சக பாவிகளே, நாம் எல்லாருமே இரண்டாவது டிஸ்க்கை முதல் டிஸ்க் செத்த பிறகுதான் வாங்குகிறோம்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லவே பயமாக இருந்தது. முழுதும் கேட்டுவிட்டு, "சரிடா, மறுபடி சொல்றேன்" என்றான். வாய்க்கால் தாண்டப் பயந்த நரியின் கதை முதலில் வந்தது. ஜெனி டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவள், பாதியில் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சித்தப்பா, அப்பா தப்பா சொல்றாங்க. போன தடவை நரி செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் தண்ணியில எறங்குச்சு." அதை அப்படியே போனில் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். வேலை நேரத்தில் போனைத் தொடாதவன், உடனே கூப்பிட்டான். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். அதையும் மீறிக் கத்தினான்: "டேய், அவ கேட்டுக்கிட்டுத்தான்டா இருந்திருக்கா!"

தீர்த்தம்

புது வருஷத்துக்கு வீடு மந்திரிக்கச் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்தார். கூடம், அடுப்படி, மாட்டுக் கொட்டகை என்று ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். அம்மா முன்னால் போய், "சாமி, நெல் ரூமு. உள்ள நம்ம பெரியவன் கதை சொல்ற பெட்டி இருக்கு, அதுக்கு நல்லா தெளிங்க" என்றது. சாமியார் தாராளமான கைக்காரர். தென்னங்குருத்தைச் செம்பில் முக்கி ஓங்கினார் என்றால் விசிறிக்கொண்டு போகும். எனக்கு ஐப்பசி மாசம் கண்முன்னால் வந்துவிட்டது. ஓடிப்போய் சர்வருக்கு முன்னால் முட்டிபோட்டு, இரண்டு கையையும் விரித்து, அவ்வளவு தீர்த்தத்தையும் முகத்திலும் மார்பிலும் வாங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பெருமையில் கண் கலங்கியது. சாமியார்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "ஞாயித்துக்கிழமை பூசைக்கே எட்டிப் பார்க்காத ஆளு, தீர்த்தத்துக்கு மட்டும் இப்படிக் குறுக்க பாயுறியே ஜோசப்பு!"

அறுவடை

தை பிறந்தது. அறுவடை மெஷின்கள் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கின. எங்கள் நெட்டுக் கம்பி ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பத்திலிருந்து வருகிறது. மெஷினை ஏற்றிவந்த லாரி தெருவில் திரும்பியதுதான் தெரியும். கம்பி, கம்பியோடு கொக்கி, கொக்கியோடு எங்கள் தாழ்வாரத்து ஓடு இரண்டு, எல்லாம் ஊர்வலமாகப் போயின. அண்ணன் சித்திரையில் வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் எத்தனை கதை கொடுக்க முடியுமோ அத்தனை கொடுத்துவிட வேண்டும் என்று தினம் ஒன்று அனுப்பிக்கொண்டிருந்த நேரம். எனக்கு வந்ததே ஆத்திரம். ஆனால் ஆத்திரம் வந்தால் எனக்குச் சத்தம் வராது. "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மட்டும் கேட்டேன்.

டிரைவர் கீழே இறங்கி, அறுந்த முனையைக் கையில் எடுத்து, நெல் கதிரைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மெஷின் உசரத்துக்குக் கட்டியிருந்தா தப்பிச்சிருக்கும், கதிர் உசரத்துக்குக் கட்டினா அறுக்கத்தானுங்க செய்வேன்."

திருச்சி விமான நிலையம்

கம்பியை உயரத் தூக்கிக் கட்டியாயிற்று. கதைகளும் வந்து சேர்ந்தன. ஆனால் அண்ணனை அழைத்துவரக் கிளம்பிய அன்று அண்ணி காருக்குள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவளுக்கு அவரைத் தெரியும் தம்பி. ஆனா டிவியில வர்ற ஆளாத்தான் தெரியும். பெட்டிக்குள்ள இருக்கிறவரை யாராவது நிஜம்னு நினைப்பாங்களா?" அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. டிஸ்க், பேட்டரி, கம்பி என்று எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு வைத்திருந்தேன், இதற்கு வைக்கவில்லை.

அண்ணன் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான். போன தடவை மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தவள் இந்தத் தடவை என்ன செய்வாளோ என்று கையை நீட்டவும் பயம், நீட்டாமலிருக்கவும் முடியவில்லை. ஜெனி தன் அம்மா கையை விட்டுவிட்டு இரண்டு அடி முன்னால் போனாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். அப்படியே கீழே இறங்கிப் பேண்ட்டை, செருப்பைப் பார்த்தாள். இத்தனை நாளும் கட்டிலில் உட்கார்ந்து மார்பளவுக்கே தெரிந்தவன் இல்லையா? கண் விரிந்தது. எங்கள் பக்கம் திரும்பி, அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கூவினாள்: "அம்மா! அப்பாவுக்குக் காலு இருக்கு!"

கூவிவிட்டு அந்தக் காலைத்தான் போய்க் கட்டிக்கொண்டாள். அண்ணன் லீவு முடியும் வரைக்கும் டிவியை யாரும் போடவில்லை. சர்வரில் ஏதாவது வேலை இருக்குமா என்று நான் தினமும் நெல் அறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

சக பாவிகளே, நாம் உயிரைக் கொடுத்து வளர்க்கிற சர்வர் உருப்படியாக வேலை செய்தது என்பதற்கு ஒரே அடையாளம், வீட்டில் ஒருத்தருக்கும் அது தேவைப்படாமல் போகிற அந்த லீவு நாள்கள்தான்.