சோபாக்காவின் தழும்பு

ஓவியக் கல்லூரியில் அவளுக்கு என்ன வேலை தெரியுமா? படுத்திருப்பது. சிரிக்காதீர்கள். மாணவர்கள் பார்த்து வரைய, உடம்பில் பொட்டுத் துணியில்லாமல், ஒரு கையைத் தலைக்கு மேல் மடக்கி, முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். பதினொரு வருடமாக அதே பச்சை சோபா. மாணவர்கள் வைத்த பெயர் சோபாக்கா.

செப்புத் தகட்டில் கீறி அச்செடுக்கும் வகுப்பு அது. வாத்தியார் பழைய அச்சுப் படங்களைத் திரையில் காட்டுவார். ஐந்நூறு வருடமாகப் பெண்கள் படுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"இவளுங்க ஒருத்திக்குக்கூடக் கை மரத்துப்போகலையா சார்? வரைஞ்சவன் ஒரு நாள் படுத்துப் பாத்திருக்கணும்" என்பாள் சோபாக்கா. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

புருஷனுக்கு எல்லாம் தெரியும். "வேலைதானே, போயிட்டு வா. எங்க அக்கா காதுக்கு மட்டும் போயிடக் கூடாது" என்று சொல்லிவைத்திருந்தார். அக்கா சொல்லைத் தட்டியறியாத மனுஷர். அவள் கூடாது என்றால் மறுநாளே வேலைக்கு முழுக்குத்தான். அதனால் நாத்தனார் கணக்கில் சோபாக்காவுக்கு அதே கல்லூரியில் லைப்ரரி வேலை.

கல்லூரிக் கண்காட்சியன்று, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள் அந்த நாத்தனார். நேராகப் போய் நின்றதும் சோபாக்காவைப் பார்த்துக் கீறி அச்செடுத்த படத்துக்கு முன்னால்தான். படத்தில் படுத்திருந்தவளின் முகத்தைக் கை மறைத்திருந்தது. அடிவயிற்றுத் தழும்பை எதுவும் மறைக்கவில்லை. குடல்வால் ஆபரேஷனின்போது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து அந்தப் புண்ணைத் துடைத்தவளே நாத்தனார்தான்.

"ஏண்டி, இது உன் தழும்பு மாதிரியே இருக்கே?"

"நல்லா பாருங்க அண்ணி. எனக்கு வலப்பக்கம். இவளுக்கு இடப்பக்கம்."

தகட்டில் கீறியது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும். கல்லூரி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்த விஷயம், நல்லவேளையாக நாத்தனாருக்குத் தெரியாது.

"அட, ஆமா" என்றாள். அப்பாடா! சோபாக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம் அந்தப் பொம்பளை. படத்தை இன்னொரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நானும் ஒரு பைத்தியம்! மகராசி எவ்ளோ அழகா இருக்கா, எவ்ளோ எடுப்பா படுத்திருக்கா! இவளைப் பாத்து உன்னையப் போய் நெனைச்சேன் பாரு."

சோபாக்கா பல்லைக் கடித்தாள். புருஷனை நினைத்தாள், வேலையை நினைத்தாள். ம்ஹும், முடியவில்லை.

"அண்ணி, அது நான்தான்!"

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"போடி இவளே! ஆசையப் பாரு!"

சிரித்துச் சிரித்து நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது. வேலை தப்பியது. சந்தோஷப்பட வேண்டியவள், வீடு போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே போனாள்.