முந்திச் சொன்ன பதில்

அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் அம்மா பாத்திரம் தேய்த்த வீடுகளில் ஒன்று ரஷ்யாக்காரம்மா வீடு. ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போன டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு சிதம்பரத்துக்கு வந்தவர். அவருடைய மகளுக்கு என் வயதுதான். தெருவில் அவள் எங்களைப் போலவே தமிழில் சண்டை போடுவாள். வீட்டுக்குள் மட்டும் ரஷ்ய மொழி. செருப்பைக் கழற்றும் இடத்திலேயே தமிழையும் கழற்றிவிட வேண்டும். என் அம்மாவும் டாக்டரும் மட்டும் விதிவிலக்கு.

கோடை விடுமுறையில் அம்மா என்னையும் கூட்டிப்போனார். சட்டம் எனக்கும் பொருந்தியது. பால், ரொட்டி, சன்னல், பசி என்று சொற்கள் சீக்கிரமே என் நாக்கில் ஏறிவிட்டன. ஏறாமல் எப்படி? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கேள்வி காதில் விழுந்தால், யாரைக் கேட்டார்கள் என்றெல்லாம் பார்க்கமாட்டேன்.

ரஷ்யாக்காரம்மா மகளிடம், பாலா டீயா என்பார். நான் முந்திக்கொண்டு "மலக்கோ" என்பேன். பால் என்று அர்த்தம். முதலில் கைதட்டினார். அந்த மொழியில் பேச அவருக்கு ஊரில் வேறு யாரும் இல்லை. மகளோ வாய் திறப்பதையே விட்டுவிட்டாள்.

"நீயே சொல்லுடி, உனக்குத்தான் நல்லா வருதே" என்பாள் என் காதோடு.

ஒரு ஞாயிறு ரஷ்யாவிலிருந்து அவளுடைய பெரியம்மா வீடியோ காலில் வந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். நன்றாக இருக்கிறேன் என்று நான் சொன்னேன். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ரஷ்யாக்காரம்மா சிரிக்கவில்லை. போனை வைத்ததும் என் அம்மாவிடம் வந்தார்.

"அக்கா, நாளைல இருந்து உங்க பொண்ணு வர வேணாம்."

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "ஏம்மா, எதுனா எடுத்துட்டாளா?"

"ஐயோ, இல்ல. எல்லாத்துக்கும் இவளே பதில் சொல்றா. என் பொண்ணு பேசவே மாட்டேங்குது."

வழியெல்லாம் எனக்குத் திட்டு. "பெரியவுங்க பேசச்சொல்ல வாய மூடிகினு இருன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்?"

"நான் ஒரு தப்புகூட சொல்லலம்மா."

மறுநாள் அம்மா வேலை முடிக்கும்வரை கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். கை கழுவினாயா என்று உள்ளே ரஷ்யாக்காரம்மா கேட்பது சன்னல் வழியே கேட்டது. மறுபடி கேட்டார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"கழுவிட்டேன்மா" என்றாள் மகள், தமிழில்.

இவ்வளவு எளிய கேள்விக்குச் சரியான விடை தெரிந்த ஒருத்தி வெளியே நிற்கும்போது அவர் ஏன் கூப்பிடவில்லை என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.