வாசலில் ஒன்பது சோடிச் சப்பாத்து

நடப்பதற்காகக் காசு கட்டி ஓர் இடத்துக்குப் போவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், பாவம், வெயில் பட்டுவிட்டது என்று தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருப்பேன். எங்கள் ஊரில் நடந்து போகிறவர் பஸ்ஸைத் தவறவிட்டவர், இல்லையென்றால் சைக்கிளுக்குக் காற்றுப் போனவர். அதுவும் குளிருக்குள், மழைக்குள், சேற்றுக்குள், இரண்டு நாள்! ஆனால் எண்பதுகளின் பின்பாதியில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், அங்கே குளிர்காலமான ஒரு ஜூலை மாதத்துச் சனிக்கிழமை காலை நானே அப்படிப் புறப்பட்டேன். காலில் என் கணவரின் கம்பூட்ஸ். முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் சப்பாத்து அது, எனக்கு இரண்டு சைஸ் பெரிது. மேலே அவருடைய மழைக்கோட்டு. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

கணவரின் வேலையிடத்துக் குலுக்கலில் விழுந்த பரிசு அது. மேற்கே மலைக்காட்டு ஓரத்தில் ஒரு பண்ணை விடுதி, இரண்டு பேருக்கு இடம், சாப்பாடு, வழிகாட்டியோடு நடை. அவருக்கு அந்த வார இறுதியில் வேலை. "நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மனுஷன் மூன்று கிழமையாக எனக்கும் தன் தங்கைக்கும் இடையில் செய்தி காவிக் காவிக் களைத்துப்போயிருந்தார்.

அவருடைய தங்கை, என் மச்சாள். அப்போது இருபத்துநாலு வயது. நாட்டுப் பிரச்சினைக்குள்ளிருந்து வந்து, ஹில்ஸ்பரோவில் எங்கள் சின்ன வீட்டில் எட்டு மாதமாக இருந்தாள். வேலை தேடித் தேடிக் கிடைக்கவில்லை. ஒருநாள் நான் வெலிங்டனில் இருந்த சிநேகிதியோடு ஃபோனில் கதைக்கும்போது, "அவவுக்கென்ன, சாப்பிடுறதும் படுக்கிறதும்தான்" என்று சொல்லிவிட்டேன். திரும்பினால் பின்னால் நிற்கிறாள். கையில் கூடை. கூடை நிறைய, அவள் தோய்த்துக் காயவைத்து மடித்த என்னுடைய உடுப்புகள்.

அன்றிலிருந்து என்னோடு ஒரு சொல் இல்லை. லண்டனில் இருந்த மூத்த அக்காவுக்குக் கடிதம் போட்டாள். "வா, நான் ஸ்பொன்சர் பண்ணுறன்" என்று பதிலும் வந்துவிட்டது. மாத முடிவுக்குள் அவள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கோ அவள் போவதில் கொஞ்சமும் விருப்பமில்லை. கணவர் வேலைக்குப் போனபிறகு, "மழை வரப்போகுது, கொடியிலை உடுப்பு" என்று தமிழில் சொல்வதற்கு அந்தத் தெரு முழுக்க வேறு யார் இருந்தார்கள்? ஆனால் அதை அவளிடம் சொல்ல வேண்டுமே! எனக்கு வாய் காதுவரை நீளும், மன்னிப்பு என்று வந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நியூ லின்னைத் தாண்டி மலை ஏறி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களோடு மொத்தம் ஒன்பது பேர். வழிகாட்டி அறுபது கடந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்தக் குளிரில் அரைக்காற்சட்டை போட்டிருந்தா! முழங்கால் இரண்டும் சிவந்து போயிருந்தன, முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். இன்னொருவர் நெட்டையான ஒரு கிழவர். இந்த நடைக்கென்றே புதிதாக வாங்கிய தோல் சப்பாத்தை ஒவ்வொருவருக்கும் காலைத் தூக்கிக் காட்டினார்.

நடக்கத் தொடங்கிக் கால்மணி நேரம் இராது. முதல் இறக்கத்தில் என் கம்பூட்ஸ் ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போனேன். சேற்றில் இருந்தபடியே சறுக்கி, கிழவரைத் தாண்டி, ஆசிரியையைத் தாண்டி, கீழே குடைபோல இலை விரித்து நின்ற ஒரு பெரிய பன்னமரத்தின் அடியில் போய் நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. கலியாண நாளில்கூட நான் அப்படிச் சிரிக்கவில்லை, அன்றைக்கு அம்மா முறைத்துக்கொண்டு நின்றா.

மேலேயிருந்து மச்சாளின் குரல் கேட்டது. என்னோடு அல்ல, மரத்தோடு கதைக்கிறாள்.

"சிலபேரை நடக்கச் சொன்னால் சறுக்குவினம்."

நானும் என் பக்கத்துப் பன்னமரத்துக்குச் சொன்னேன். "சிலபேருக்கு விழுந்த ஆளைத் தூக்கவும் மனம் வராது."

சொல்லி வாய் மூடவில்லை, "ஐயோ அம்மா!" என்று அவளும் சறுக்கி வந்து என் முதுகில் மோதினாள். இரண்டு பேரும் சேற்றுக்குள் எருமைகள் மாதிரிக் கிடந்தோம். அவளுடைய உதடு துடித்தது. சிரித்துவிடுவாளோ என்று பார்த்தேன். இல்லை, சடாரென்று எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். பிறகு முழு வழியும் நாங்கள் மரங்களோடுதான் சண்டை பிடித்தோம். மரங்களைக் கும்பிடுவது உங்கள் வழக்கமா என்று ஆசிரியை மெல்லக் கேட்டா. ஓம், அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

பின்னேரம் விடுதியில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். பூசணிக்காய் சூப் தந்தார்கள். நான் மூன்று கோப்பை குடித்தேன். கால் வலிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, ஆனால் உடம்பெல்லாம் ஒரு துள்ளல். சமைக்கவில்லை, பாத்திரம் கழுவவில்லை, யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை! இந்த வெள்ளைக்காரர் எவ்வளவு நல்லவர்கள், இவர்களுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமே என்று மனம் பொங்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அதைக் கண்டேன். நெருப்புக்கு முன்னால், சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒன்பது சோடிச் சப்பாத்து வரிசையாக இருந்தது. சேறும் மாட்டுச் சாணமும் ஒட்டியபடி! மேசையில் நாளைக்குச் சாப்பிடப் போகிற பாண். என் சீவனே போய்விட்டது. பாவங்கள், களைப்பில் எடுத்து வெளியே வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் தங்கள் அறைகளுக்குப் போன பிறகு, இரண்டு இரண்டு சோடியாகக் காவிக்கொண்டு போய், வாசலில் கலியாண வீட்டு வாசல் மாதிரி அழகாக அடுக்கினேன். பிறகு தரையையும் துடைத்தேன். கையெல்லாம் சேறாக அறைக்கு வந்தபோது, மச்சாள் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

விடிய எழும்பினால் ஒரே சத்தம். அந்த வாசலுக்கு மேலே கூரையில்லை என்பதை நான் பார்க்கவேயில்லை. விடிய விடிய மழை கொட்டியிருந்தது. ஒன்பது சோடியும் வாளிபோல நிறைந்து தளும்பிக்கொண்டு நின்றன. நெட்டைக் கிழவர் தன் புதுத் தோல் சப்பாத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு குடம் தண்ணீர் வந்திருக்கும். முகம் மிளகாய்ப்பழம். நெருப்புக்கு முன்னால் காயவென்று எல்லோரும் ஆசையாக வைத்ததை எடுத்து மழையில் வைத்தது யார் என்று கேட்டார்.

நெருப்புக்கு முன்னால் வைத்தது காய்வதற்காம்! எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நீண்ட வாய், ஊரைக் கூட்டுகிற வாய், அடைத்துப்போயிற்று. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆசிரியையும் என்னைப் பார்த்தா.

மச்சாள் எழும்பினாள். தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும்தான் வைத்தோம். எங்கள் வீடுகளில் சப்பாத்து வாசலோடு நிற்கும். உதவி என்று நினைத்துத்தான் செய்தோம், பிழையாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருமா? அவள் ஒரு சப்பாத்தையும் தொடவில்லையே! மூன்று கிழமையாக என் முகம் பார்க்காதவள், எனக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரச நிற்கிறாள். அத்தனை பேருக்கும் முன்னால், தமிழில், பெருங்குரலில் கொட்டித் தீர்த்தேன்.

"நான் அண்டைக்கு ஃபோனிலை சொன்னது பிழை மச்சாள்! என்ரை உடுப்பைத் தோய்ச்சு வைச்ச பிள்ளையை நான் அப்பிடிச் சொன்னனே, என்ரை வாயிலை புழுப் பிடிக்க! லண்டனுக்குப் போகாதையும். நீர் போனால் எனக்கு விசர் பிடிச்சிடும்!"

பிறகு ஓவென்று அழுதேன். வெள்ளைக்காரர் எல்லோரும் பதறிப்போனார்கள். சப்பாத்துக்காகத்தான் இந்தப் பெண் இப்படி நெஞ்சிலடித்து அழுகிறாள் என்று அவர்களுக்கு எண்ணம். ஆசிரியை என்னைக் கட்டிப்பிடித்து, சப்பாத்து என்றால் காயும், அழாதே என்றா. கிழவர்தான் பாவம், சிவந்த முகம் வெளிறி, அது அவ்வளவு நல்ல சப்பாத்தே இல்லை, காலையும் கடித்தது என்று சத்தியம் பண்ணினார். அதைக் கேட்டதும் மச்சாள் 'களுக்' என்றாள். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் விழுந்து சிரித்தாள். நானும் அழுதபடியே சிரித்தேன், ஏனென்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள்.

நடை நிற்கவில்லை. ஆசிரியை பாண் வந்த பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவந்தா. காலுறைக்கு மேலே அந்தப் பையை மாட்டி, அதற்கு மேலே ஈரச் சப்பாத்தைப் போட்டோம். ஒன்பது பேரும் 'சரக் சரக்' என்று மலை ஏறினோம். மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பார்த்தன.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மச்சாள் விறைத்த கையைக் கொண்டுவந்து என் கோட்டுப் பைக்குள் விட்டாள். நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"அப்ப அக்காவுக்கு என்ன எழுதப் போறீர்?"

"வரேல்லை எண்டு எழுதி, போன கிழமையே போட்டிட்டன்."

"என்னடி இது! பிறகேன் என்னை இவ்வளவு நாளும் இந்தப் பாடு படுத்தினனீர்?" எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நீங்கள் சொன்னதுக்குத்தான் கோபம். அது வேறை" என்றாள். பிறகு கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அக்காவுக்கு அங்கை கதைக்க எத்தினை பேர் இருக்கினம். நானும் போனால் உங்களுக்கு இஞ்சை ஆர் இருக்கினம் மச்சாள்?"